நனையாத தாள்

கிரேஸ் சுவர்க் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கிறாள். அது நேற்றைய தாளும் அல்ல, இன்றைய தாளும் அல்ல, வருகிற வியாழக்கிழமை. எண்ணெய் பிழிந்துகொண்டிருக்கும் எக்ஸ்பெல்லரின் வாயிலிருந்து உதிரும் புண்ணாக்குச் சில்லு ஒன்றை வெறுங்கையால் எடுக்கிறாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் தொட்டால் கையை உதறிக்கொண்டு குழாயடிக்கு ஓடும் சூடு அது. அவள் அதை அப்பளம்போல் ஒடிக்கிறாள். ஒரு துண்டை வாயில் போட்டு மெல்கிறாள். இன்னொரு துண்டை வியாழக்கிழமையின் இராகு காலத்துக்கும் எமகண்டத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்துகிறாள். பிறகு தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்கிறாள். எண்ணெய் ஊறிய இடம் மட்டும் வெளிச்சத்தை விட்டுக்கொண்டு பளிச்சென்று தெரிகிறது. அதைப் பார்த்ததும் அவள் முகம், தன் வீட்டு அண்டாவை எவனோ தலையில் வைத்துக்கொண்டு போவதைக் கண்ட முகமாகிவிடுகிறது.

"த பாரு, எம்மாம் எண்ணெ போவுது! மெஷினா இது? ஊதாரி."

கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் ஓரத்தில், இரும்புக் கம்பெனிகளின் புகைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே இருக்கிறது துளசிராமனின் எண்ணெய் மில். ஆர்.கே.பேட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் வேர்க்கடலை வரும். இங்கே உடைத்து, வேகவைத்து, பிழிந்து, பாக்கெட்டில் அடைத்து அனுப்புவார்கள். கிரேஸுக்கு இங்கே எக்ஸ்பெல்லர் பொறுப்பு. அவள் தாள் கிழிக்கும் வேகத்தில் மில் எப்போதும் ஊரைவிட நாலைந்து நாள் முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஒருமுறை மின்வாரியத்திலிருந்து வந்தவர் காலண்டரைப் பார்த்து, ஒரு அமாவாசையைத் தவறவிட்டுவிட்டோமோ என்று திடுக்கிட்டுப் போனார். முதலாளி துளசிராமன் திட்டிப் பார்த்தார், வேறு காகிதம் வாங்கிக் கொடுத்துப் பார்த்தார், கடைசியில் தேதி பார்க்கப் போனை எடுத்துக்கொண்டார். காலண்டர் தாள் மாதிரி மெல்லிசாக எண்ணெயைக் காட்டிக்கொடுக்கும் தாள் வேறு இல்லை என்பது கிரேஸின் தீர்ப்பு.

மில்லில் மட்டும்தான் இப்படி என்று நினைத்தால் அவள் வீட்டைப் பார்த்ததில்லை என்று அர்த்தம். கல்லில் நார் உரிப்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்; கிரேஸ் அந்த நாரையும் பிழிவாள். பற்பசைக் குழாய் சப்பையாகிச் சுருண்ட பிறகு கத்தரிக்கோலால் அதன் வயிற்றைக் கிழித்து, உள்ளே இருப்பதை வழித்து, அதில் குடும்பமே இன்னும் சில நாள் பல் துலக்கும். ஷாம்பு பாக்கெட்டுக்கும் அதே கதி. எண்ணெய்ப் பாக்கெட் காலியானால் நாலு பக்கமும் வெட்டி விரித்து, விரலால் தடவி எடுத்து முழங்கையில் பூசிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருநாள் கை வலிக்கிறது, புடவையைக் கொஞ்சம் பிழிந்து கொடு என்று கேட்டாள். திரும்பி வந்தபோது அதில் தண்ணீர் இல்லை, கரையும் பாதிதான் இருந்தது. அதிலிருந்து அந்தத் தெருவில் யாரும் அவளிடம் துணி நீட்டுவதில்லை.

"இவ கையில கருங்கல்லக் குடுத்துப் பாரு, ரெண்டு சொட்டு எடுத்துக்கினுதான் கீழ வெப்பா" என்பான் அவள் புருஷன் யேசுதாஸ். அவன் இரும்புக் கம்பெனி ஒன்றில் ஷிப்டு வேலை பார்க்கிறான். மாமியார் ஞானம்மாவோ, மருமகள் கத்தரிக்கோலை எடுத்தாலே முகவாயில் கை வைத்துக்கொள்வாள். "செத்துப்போன பேஸ்ட்டுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்றா பாரு. கண்ணால பாக்க முடியல." கத்தரிக்கோலை அரிசிப் பானைக்குள் ஒளித்தும் பார்த்திருக்கிறாள்.

இதைக் கேட்டுக் கிரேஸைக் கஞ்சம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எலுமிச்சம்பழத்தைத் தோல் கிழியப் பிழிந்தாளானால், அந்தச் சாற்றைத் தெருவில் போகிற கியாஸ்காரனைக் கூப்பிட்டுக் கொடுப்பாள். தனக்கு வேண்டும் என்பதல்ல. உள்ளே இருப்பது உள்ளேயே தங்கிவிட்டால் அவளுக்கு மனசு ஆறாது, அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவளிடம் எண்ணெய் விட்டுவைக்கும் ஒரு இயந்திரத்தைக் கொடுத்தால் சும்மா இருப்பாளா? எக்ஸ்பெல்லர் என்பது பெரிய விஷயம் இல்லை. ஓட்டை ஓட்டையாக ஒரு இரும்புக் கூண்டு. உள்ளே ஒரு பெரிய திருகு. திருகு வேர்க்கடலைப் பருப்பைத் தள்ளிக்கொண்டே போய் முனையில் நெருக்கும். எண்ணெய் கூண்டின் இடுக்கு வழியாக வழியும், சக்கை முனை வழியாக வெளியே வரும். அந்த முனையில் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் இரும்புக் கூம்புக்குக் கோன் என்று பெயர். அதை முறுக்கினால் நெருக்கடி கூடும். கிரேஸ் அதை ஆசை தீர முறுக்கி, மில் முழுக்கக் கரும்புகை சூழ்ந்து, துளசிராமன் தலையில் கை வைத்துக்கொண்டு ரோட்டுக்கே ஓடிவந்த நாளும் உண்டு. பருப்பில் ஈரம் கூடினால் கூழாக வழிந்தது. குறைந்தால் பொடியாகக் கொட்டியது. எப்படிச் செய்தாலும் தாளில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு எண்ணெய் ஊறிக்கொண்டேதான் இருந்தது.

வழி கிடைத்தது துணி துவைக்கும் கல்லில். மாமியாரின் நைலான் புடவையைப் பிழிந்துகொண்டிருந்தாள். எவ்வளவு முறுக்கினாலும் கையிலேயே வழுக்கிச் சுழன்றது. எரிச்சலில் யேசுதாஸின் முரட்டுத் துண்டை அதோடு சேர்த்து முறுக்கினாள். பிடிப்புக் கிடைத்தது, தண்ணீர் கொட்டியது. அவள் அப்படியே ஈரக்கையோடு நின்றுவிட்டாள். பருப்பும் இப்படித்தானே திருகோடு சேர்ந்து வழுக்குகிறது?

மறுநாள் உடைத்து ஒதுக்கிய கடலைத் தொட்டியை, அதாவது வெளி ஓட்டை, கொஞ்சம் நொறுக்கிப் பருப்போடு கலந்தாள். நீராவியில் சூடேற்றி, கையில் பிடித்தால் பிடிக்கு நிற்கும் ஈரம் வந்ததும் உள்ளே விட்டாள். கோனைச் சிறுகச் சிறுக முறுக்கினாள். சில்லு வந்தது, மெல்லிசாக, மொறுமொறுவென்று. தாளில் வைத்து அழுத்தி வெளிச்சத்தில் தூக்கினாள்.

தாள் நனையவே இல்லை.

துளசிராமன் நம்பவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தானே போய்க் காலண்டரில் எங்கோ நடுவில் விரலை விட்டுத் தீபாவளித் தாளையே உருவி, அதில் ஒரு சில்லை வைத்து உள்ளங்கையால் அறைந்தார். அதுவும் நனையவில்லை. "அடியே, இன்னா பண்ண நீ?" என்று கேட்டார். தாளை லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். கிரேஸ் தன் பங்குக்கு ஒரு தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டாள். கியாஸ்காரன், சபையார், சீட்டுக்காரி என்று வாசலில் வந்து நின்ற எல்லோருக்கும் எடுத்துக் காட்டினாள். "பாத்தியா? ஒரு பொட்டு கீதா பாரு." ஒன்றுமே இல்லாத ஒரு தாளை இத்தனை பெருமையாகக் காட்டிய பெண் அந்தத் தாலுகாவிலேயே இருந்திருக்க மாட்டாள்.

இப்போது ஞானம்மாவின் பசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் ராணி. செவலை நிறம், ஒரு கொம்பு கொஞ்சம் கோணல். ஞானம்மா பாதி ஆயுளை அடுத்தவர் கழனியில் நாற்று நட்டும், அடுத்தவர் மாட்டைக் கறந்தும் கழித்தவள். ராணிதான் தன்னுடையது என்று அவள் சொல்லிக்கொண்ட முதல் மாடு. ஊர்ப் பால் சொசைட்டியில் ராணியின் பாலுக்கு ஒரு பேர் இருந்தது. "ஞானம்மா ஊத்தற பாலுல விரல வுட்டா ஒட்டிக்கினு வரும்" என்பார்கள். ஞானம்மா அடக்கமாக, "எல்லாம் என் மருமவ மில்லுப் புண்ணாக்கு" என்பாள். மில்லிலிருந்து புண்ணாக்கு மூட்டையைக் கிரேஸ் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுவருவது வழக்கம். ஊரில் மற்றவர்கள் வேறு வேறு இடத்தில் வாங்கினார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மில்லுக்கு லீவு. முட்டி வலி என்று ஞானம்மா படுத்துக்கொண்டதால் பால் தூக்கைக் கிரேஸ் சொசைட்டிக்கு எடுத்துப் போனாள். அங்கே பாலைச் சோதிக்கும் மெஷினில் இருப்பவள் பூமிகா என்கிற சின்னப் பெண். ஒரு கரண்டிப் பாலை மெஷினுக்குக் கொடுத்து எண்ணைப் பார்த்தாள். பிறகு கிரேஸைப் பார்த்தாள்.

"அக்கா, நீ வந்தது நல்லதாப் போச்சி. உங்க அத்தைகிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியாம பேஜாராப் பூட்டுது எனக்கு."

"இன்னாம்மா?"

"கொழுப்பு ரொம்ப எறங்கிப் போச்சி. ஒரு நாளு ரெண்டு நாளு இல்ல, கொஞ்ச காலமாவே இப்டிதான். தண்ணி கலக்கல, கலந்தா மெஷின் காட்டிக் குடுத்துரும்." பூமிகா குரலைத் தாழ்த்தினாள். "ஆடைய வழிச்சி எடுத்துக்கினு மீதியக் கொண்டாந்து ஊத்துறாங்கன்னு எல்லாம் பேசிக்கிறாங்க. இப்டியே போனா செகரட்டரி இந்தப் பால வாங்காதன்னுருவாரு."

தாழ்த்தி என்ன பயன்? பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டுவிட்டது. "மருமவ நெய்த் தோச துன்னுதுபோல" என்றான் ஒருவன். வரிசையே சிரித்தது. கிரேஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

வழியில் அவள் மனசு போன போக்கை நினைத்தால் இப்போதும் அவளுக்கு உடம்பு கூசும். பாலில் ஆடை இருக்கிறது; கையில் கரண்டி இருக்கிறது; எவள்தான் எடுக்காமல் விடுவாள்? நானாக இருந்தால் எடுத்திருப்பேனே. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகக் கேட்டுவிட்டாள்.

"அத்த, பால்ல ஆடைய எடுக்கிறியா நீ?"

ஞானம்மா முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து அடுக்களைக்குப் போனாள். சொம்பு, தூக்கு, சட்டி, ஊறுகாய்ப் பாட்டில் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து கிரேஸின் காலடியில் கவிழ்த்தாள். சாமான் உருளும் சத்தம் கேட்டுத் தூங்கிக்கொண்டிருந்த யேசுதாஸ் எழுந்து வந்து நின்றான். கடைசியாக இருமல் மருந்துப் பாட்டிலையும் கவிழ்த்துவிட்டுத்தான் அவள் பேசினாள்.

"ஊரான் மாட்டக் கறந்த காலத்துலயே ஒரு சொட்டு நாக்குல வெச்சதில்ல நானு. என் மாட்டுலயா நான் திருடுவேன்? ஊரு கேட்டுது, காதுல வாங்கல. நீயும் கேட்டுட்ட."

"அத்த..."

"வா. வந்து பாரு."

மாட்டுத் தொட்டியில் ஊறிய புண்ணாக்கு அப்படியே கிடந்தது. ஞானம்மா ராணியின் கயிற்றைப் பிடித்து இழுத்து வந்தாள். ராணி மோந்தது. புஸ்ஸென்று மூச்சு விட்டது. முகத்தை வைக்கோல் பக்கம் திருப்பிக்கொண்டது.

"புச்சு மூட்ட வந்ததுலருந்து இப்டிதான். முன்னல்லாம் தொட்டியவே நக்கிக்கினு நிக்கும். மருமவ பாசமா கொண்டாறா, கொற சொல்லக் கூடாதுன்னு வாய மூடிக்கினு இருந்தேன்."

கிரேஸ் மூட்டையில் கை விட்டு ஒரு காய்ந்த சில்லை எடுத்தாள். ஒடித்தாள், மென்றாள். இத்தனை நாளும் மென்று துப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தவள், முதல்முறையாக ஒரு மாட்டின் வாயாக இருந்து மென்றாள். நாக்கில் ஒட்டியது வெறும் ஓடு. வீட்டுக்குள் போய், சுவரில் தொங்கிய சபைக் காலண்டரில் அன்றைய வசனத் தாளைக் கிழித்து வந்து, சில்லை வைத்துக் கட்டைவிரல் வெளுக்க அழுத்தினாள். தூக்கிப் பிடித்தாள். ஒரு பொட்டு இல்லை. மில்லில் அவளைக் கூத்தாட வைத்த அதே தாள்தான். ராணிக்கு இருந்த ஒரு வாய் ருசியையும் பிழிந்து எடுத்தவள் தான்தான். அதைவிட, அந்தத் திருட்டைக் கிழவியின் தலையில் கட்டியவளும் தான்தான்.

அன்றிலிருந்து ஞானம்மா அவளோடு பேசவில்லை. சோறு போட்டாள், கதவு திறந்தாள். பேச்சு மட்டும் இல்லை.

மறுநாள் காலையில் கிரேஸே தூக்கை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். ஞானம்மா வேண்டாம் என்றும் சொல்லாமல், வருகிறேன் என்றும் சொல்லாமல் பின்னால் நொண்டிக்கொண்டே வந்தாள். வரிசை நீளமாக இருந்தது. பூமிகா மெஷினில் பாலை விடுவதற்கு முன்பே கிரேஸ் திரும்பி நின்றுகொண்டாள்.

"எல்லாம் கேட்டுக்குங்க. ஆடைய எடுத்தது எங்க அத்த இல்ல. நானு."

ஒருவர் கையிலிருந்த தூக்கு நழுவிப் பால் கொஞ்சம் சிந்தியது. ஞானம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"கறந்த அப்பறம் எடுக்கல. மாடு துன்றதுக்கு முன்னாடியே எடுத்துட்டேன். மில்லுல." வேதாகமத்துக்குள்ளிருந்து எடுத்து வந்திருந்த தாளை நீட்டினாள். நேற்று நெய்த் தோசை என்று சிரித்தவன்தான் வாங்கிப் பார்த்தான். இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான்.

"இன்னாக்கா இது? ஒண்ணுமே இல்லியே."

"அதாம்பா. ஒண்ணுமே இல்ல. அதத்தான் நான் எங்க மாட்டுக்குப் போட்டேன்."

அவனுக்கு முழுக்கப் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் தாளை மடக்காமல் திருப்பிக் கொடுத்தான். மாடு வைத்திருக்கிற ஜனம். மாட்டின் வாய்க்கும் மடிக்கும் உள்ள வழி தெரியாதவர்களா? ஒருத்தி, "அடிப்பாவி" என்று மட்டும் சொன்னாள். பூமிகா, "புண்ணாக்க மாத்திப் பாருங்கக்கா. அதுவரைக்கும் செகரட்டரிகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள். ஞானம்மா காலித் தூக்கை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

மில்லுக்குப் போனதும் கிரேஸ் நேராக முதலாளியிடம் போய் நின்றாள். "மொதலாளி, கோனக் கொஞ்சம் லூஸ் பண்ணிக்கிலாமா? கலக்கற கடல ஓட்டையும் கொறச்சிக்கிலாம். மாட்டுக்கு ஒண்ணும் மிஞ்ச மாட்டுது."

துளசிராமன் வாய்வரை கொண்டுபோன காபியைக் கீழே வைத்துவிட்டார். "கிரேசு, நீயா பேசற? புண்ணாக்குல எண்ணெ போவுதுன்னு என் காலண்டரயே காலி பண்ணவ நீ." அவர் கெட்டவர் இல்லை. பக்கத்து மில்கள் ஒவ்வொன்றாக மூடியதைப் பார்த்தவர். இந்தத் தாளை நம்பி இரண்டாவது மெஷினுக்குச் சொல்லிவைத்திருக்கிறார். "மாட்டுக்கு எண்ணெ ஊட்டி வளக்கணும்னா கடையில பாக்கெட்டு வாங்கி ஊத்தும்மா" என்று சிரித்துவிட்டுப் போனார். கிரேஸ் சிரிக்கவில்லை. எக்ஸ்பெல்லரைப் போட்டாள். அன்று முழுக்க அவள் காலண்டரைத் தொடவில்லை. மில்லில் தேதி நகரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டைக்குப் போய், எண்ணெய் மிச்சம் இருக்கும் செக்குப் புண்ணாக்கு மூட்டை வாங்கிவருவதாக யேசுதாஸ் சொல்லியிருந்தான். சரிதான், ஆனால் இருக்கிற மூட்டையை என்ன செய்வது? கொட்டுவதற்கு அவள் கிரேஸாகப் பிறந்திருக்கக் கூடாது.

சாயங்காலம் ஸ்கூட்டரை நிறுத்தியவள் வீட்டுக்குள் போகவில்லை. டிக்கியிலிருந்து ஒரு எண்ணெய்ப் பாக்கெட்டை எடுத்தாள். அவள் மில்லின் எண்ணெய், அவள் மெஷின் பிழிந்தது. மூலையைப் பல்லால் கடித்துத் திறந்து, தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த புண்ணாக்கின் மேல் மெல்லிசாகச் சுற்றி ஊற்றிக் கையை விட்டுப் பிசைந்தாள். வேலியோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்த ஞானம்மா வாசனை பிடித்துத் திரும்பினாள். அவள் கண்ணை அவளாலேயே நம்ப முடியவில்லை. ஷாம்பு பாக்கெட்டின் வயிற்றைக் கிழிக்கிறவள் மாட்டுத் தொட்டியில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறாள்.

ராணி வந்தது. மோந்தது. கோணல் கொம்பு தொட்டியில் இடிக்க, முகத்தை உள்ளே விட்டது.

கிரேஸ் பாக்கெட்டை விடவில்லை. இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அடியிலிருந்து நுனிவரை உருவினாள். ஒரு சொட்டு. மடித்து மறுபடியும் உருவினாள். அரைச் சொட்டு. இன்னும் உள்ளே வழவழப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் விரலும் எண்ணெயில் வழுக்கியது. பாக்கெட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

ஞானம்மா மடியில் இருந்த புளியை முறத்தில் உதறினாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வீட்டுக்குள் போனாள். அரிசிப் பானை திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்து, கத்தரிக்கோலில் ஒட்டியிருந்த அரிசியை முந்தானையால் துடைத்து, பிடிப் பக்கம் மருமகளுக்கு வரும்படி நீட்டினாள்.